அரிசி ஆலை முதல் விளக்குப் பட்டறை வரை: தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு, டெல்டா முதலாளிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சம்பா அறுவடை முடிந்து ஆலைகள் இரவு பகலாக ஓடும் மாசி மாதம் அது. நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடிப்பெட்டியில் நெல் அடைத்துக்கொண்டது. மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் அடைப்பை எடுக்க வேண்டும். வேலைக்கு வந்து பதினோரு நாளே ஆன 25 வயதுப் பையன் ஒருவன், மோட்டார் ஓடும்போதே கையை உள்ளே விட்டுவிட்டான். பெல்ட்டில் வந்த பக்கெட் அவனுடைய வலது கையின் நான்கு விரல்களையும் கொண்டுபோய்விட்டது. ஆலை முதலாளி தன் தோளில் கிடந்த துண்டைச் சுற்றி, தன் காரிலேயே அவனைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்.

அந்த ஆலைக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். இரவு பத்து மணிக்கு மருத்துவமனை வாசலிலிருந்து போன் செய்தார். "தம்பி, நம் பாலிசியில் இந்தப் பையன் வருகிறானா?" என்று கேட்டார். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பாலிசி 14 பேருக்கு எடுக்கப்பட்டிருந்தது. அன்று ஆலையில் வேலை செய்தவர்கள் 23 பேர். அந்தப் பையன் மேஸ்திரி அழைத்து வந்தவன். எந்த ஏட்டிலும் அவன் பெயர் இல்லை.

முதலாளி கொடுக்க வேண்டியிருந்த இழப்பீடு 9,76,095 ரூபாய். காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. அவர் ஒரு மா நஞ்சையை விற்றுக் கட்டினார். நல்ல மனிதர், பையனை ஏமாற்ற ஒரு நொடியும் நினைக்கவில்லை. பாலிசிக்குப் பணமும் ஆண்டு தவறாமல் கட்டியவர்தான். ஆனால் பாலிசி எடுத்திருக்கிறோம் என்பதும், அது வேலை செய்யும்படி எடுத்திருக்கிறோம் என்பதும் வேறு வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: பொறுப்பு யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பலர் பாலிசி எடுத்தால்தான் பொறுப்பு வரும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. பொறுப்பு ஏற்கெனவே உங்கள் தலையில்தான் இருக்கிறது. பாலிசி அந்தச் சுமையைத் தூக்க ஆள் வைப்பது மட்டுமே.

இதற்கு அடிப்படை 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2009-இல் திருத்தப்பட்டு, 'பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்' என்று பெயர் மாறியது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, இந்தச் சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 எடுத்துக்கொண்டது. அதில் ஏழாவது அத்தியாயம் முழுவதும் இழப்பீட்டைப் பற்றியது. கணக்குப் போடும் முறையும் முதலாளியின் பொறுப்பும் பெரும்பாலும் பழைய சட்டத்தின் வழியிலேயே செல்கின்றன. புதிதாகத் தெளிவாக்கப்பட்ட ஒன்று உண்டு: வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதோ வேலை முடிந்து திரும்பும்போதோ நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும். அதிகாலையில் சைக்கிளில் ஆலைக்கு வரும் ஆட்களை வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். 2025 நவம்பர் 21-க்கு முன் நடந்த விபத்துக்குப் பழைய சட்டம். ஆகவே எந்த விவகாரத்திலும் முதலில் விபத்து நடந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் அச்சாணி ஒரே வாசகம்: வேலையின் காரணமாக, வேலையின் போக்கில் நேர்ந்த விபத்து. அது நேர்ந்தால், முதலாளி தவறு செய்தாரா என்ற கேள்வியே எழாது. "நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், அவன்தான் கவனக்குறைவாகக் கையை விட்டான்" என்பது பதில் ஆகாது. கவனக்குறைவு மனித இயல்பு என்று ஒப்புக்கொண்டே இந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

விலக்கு மிகச் சிலவே. மூன்று நாளுக்கு மேல் வேலையைத் தடுக்காத சிறு காயத்துக்கு இழப்பீடு இல்லை. குடிபோதை, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறியது, தெரிந்தே பாதுகாப்பு மூடியைக் கழற்றியது ஆகியவை நிரூபிக்கப்பட்டால் முதலாளிக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விபத்தில் தொழிலாளி இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனம் அடைந்தாலோ இந்த விலக்குகளும் போய்விடும். குடித்திருந்தவர் இறந்தாலும் அவருடைய மனைவி மக்களுக்கு இழப்பீடு உண்டு. இதை நான் சொல்லும்போது ஆலைக்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் குழந்தைகளை நினைத்தால் அதுதான் நியாயமும்கூட.

படி 2: உங்கள் ஆட்கள் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்களா என்று பாருங்கள்

டெல்டாவில் 'நம்முடையது விவசாயம்தானே, ஆலைத் தொழிலாளர் சட்டம் நமக்கெதற்கு' என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. சட்டத்தின் இணைப்புப் பட்டியலை எடுத்துப் படித்தால் நம் வயல்வெளியே கண்ணுக்குத் தெரியும். டிராக்டர் போன்ற இயந்திர சக்தியால் நடக்கும் விவசாய வேலை, இயந்திர அறுவடையும் கதிரடிப்பும், பயிருக்குப் பூச்சிமருந்து தெளிப்பது, டிராக்டரையும் பவர் டில்லரையும் ஓட்டுவதும் பழுது பார்ப்பதும், ஆழ்குழாய்க் கிணறு அமைப்பதும் பராமரிப்பதும், பனையேறுவது, மரம் வெட்டுவது என எல்லாம் அதில் இருக்கின்றன. குறுவையோ சம்பாவோ அறுவடை இயந்திரம் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர், தன் ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் முதலாளி. அதை மறந்துவிடக் கூடாது.

அரிசி ஆலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை, சுவாமிமலை வார்ப்புப் பட்டறை, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கயிறு ஆலை, கொள்ளிடக் கரையோரச் செங்கல் சூளை ஆகியவற்றைப் பற்றிக் கேள்வியே வேண்டாம். மூன்று பேர் வேலை செய்யும் பட்டறையானாலும் பொறுப்பு உண்டு. உருக்கிய பித்தளை காலில் தெறிப்பதற்கு ஆள் எண்ணிக்கை தெரியாது.

'அவர் நிரந்தர ஆள் இல்லை, அன்றாடக் கூலி' என்ற சாக்கு 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு முடிந்துவிட்டது. அதற்கு முன் தற்காலிக ஆட்களில் ஒரு பகுதியினர் சட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். இப்போது ஒரு நாள் வந்தவருக்கும் உண்டு.

படி 3: இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறதா?

பாலிசி வாங்கப் போகும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்கூடம், இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வந்தால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுகிறவர்களை இ.எஸ்.ஐ.யில் சேர்க்க வேண்டும். 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு வேலையில் விபத்து நேர்ந்தால் இ.எஸ்.ஐ.யே உதவித்தொகை தருகிறது. அவர் முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. ஆகவே அவர்களுக்காக இந்தப் பாலிசிக்கு இன்னொரு முறை பணம் கட்ட வேண்டியதில்லை. 21,000-க்கு மேல் சம்பளம் பெறும் மெக்கானிக், பாய்லர் ஆபரேட்டர் போன்றவர்களுக்கும், இ.எஸ்.ஐ.க்குள் வராத மற்ற எல்லோருக்கும் பாலிசி வேண்டும்.

சேர்க்க வேண்டியவரைச் சேர்க்காமல் விட்டால், உதவித்தொகைக்கு ஆன செலவை இ.எஸ்.ஐ. நிறுவனம் முதலாளியிடமே வசூலிக்கும்.

படி 4: எவ்வளவு பொறுப்பு என்று ஒரு முறையாவது கணக்குப் போட்டுப் பாருங்கள்

இதைச் செய்யாமல் பாலிசி எடுக்காதீர்கள். மூன்று எண்கள் போதும்: மாதச் சம்பளம், வயது, வயதுக்குரிய காரணி.

சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் இழப்பீட்டுக் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சம். இந்த வரம்பு 2020 ஜனவரியில் 8,000-இலிருந்து உயர்த்தப்பட்டது. காரணி என்பது சட்டத்தின் அட்டவணையில் வயதுக்கேற்பக் கொடுக்கப்பட்ட எண். 20 வயதுக்கு 224.00, 25-க்கு 216.91, 30-க்கு 207.98, 35-க்கு 197.06, 40-க்கு 184.17, 50-க்கு 153.09, 60-க்கு 117.41. இளையவருக்கு அதிகம். இழந்த உழைப்புக் காலம் அவருக்குத்தானே நீளம்!

இறந்தால் சம்பளத்தில் பாதியைக் காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்காரர், சம்பளம் 15,000 என்றால் 7,500 பெருக்கல் 207.98, 15,59,850 ரூபாய். எவ்வளவு குறைந்த சம்பளமானாலும் 1923 சட்டத்தின்படி 1,20,000-க்குக் குறையக் கூடாது.

நிரந்தர முழு ஊனத்துக்குச் சம்பளத்தில் 60 சதவீதத்தைக் காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்காரருக்கு, 15,000 சம்பளத்தில், 16,57,530 ரூபாய். உயிரோடு இருப்பவருக்கு இறந்தவரைவிட அதிகமா என்று கேட்கிறார்கள். படுக்கையில் கிடப்பவருக்கும் சோறும் மருந்தும் வேண்டும்.

பகுதி ஊனத்துக்கு, முழு ஊனத் தொகையில் எத்தனை சதவீத உழைப்புத் திறன் போனதோ அத்தனை சதவீதம். கட்டைவிரல் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50, மற்றொரு கண் நன்றாக இருக்க ஒரு கண் போனால் 40 என்று அட்டவணை சொல்கிறது. நீடாமங்கலத்துப் பையனின் கணக்கு இதுதான்: 15,000-இல் 60 சதவீதமான 9,000 பெருக்கல் 216.91, அதில் பாதி.

அட்டவணைச் சதவீதமே முடிவு என்றும் நினைக்க வேண்டாம். இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட ஒரு தச்சரின் வழக்கில், 1975-இல் உச்ச நீதிமன்றம் அதை முழு ஊனமாகவே ஏற்றுக்கொண்டது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது அல்லவா? செய்துவந்த தொழிலை வைத்துத்தான் இழப்பு அளக்கப்படுகிறது. மூட்டை தூக்குகிறவருக்கு முதுகெலும்பு அடிபட்டால் மருத்துவச் சான்றில் உள்ள சதவீதத்தைத் தாண்டியும், இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அரசு அதிகாரியான ஆணையர் தீர்மானிக்கலாம்.

சில மாதங்கள் வேலைக்கு வர முடியாமல் குணமாகி வருகிறவருக்கு, சம்பளத்தில் கால் பங்கை அரை மாதத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். 15,000 சம்பளம் என்றால் 3,750 வீதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு. இவை தவிர, சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவையும் முதலாளி தர வேண்டும். 2009 திருத்தம் கொண்டுவந்த இந்தப் பொறுப்புக்குச் சட்டத்தில் உச்சவரம்பு சொல்லப்படவில்லை.

படி 5: சம்பளப் பதிவேட்டைச் சரி செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியில் பெரும்பாலும் ஒவ்வொருவர் பெயரும் இருக்காது. என்ன வேலை, எத்தனை பேர், ஆண்டுக்கு மொத்தச் சம்பளம் எவ்வளவு என்றுதான் எழுதுவார்கள். அந்த மொத்தச் சம்பளத்தின் மீதுதான் பிரீமியம். அதனால் முதலாளிகள் இரண்டு வகையில் குறைக்கிறார்கள்: ஆள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வது, சம்பளத்தைக் குறைத்துச் சொல்வது. சில ஏஜென்ட்களே "குறைவாகப் போட்டுக்கொள்ளலாம் சார்" என்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

மாதம் 15,000 வாங்கும் 30 வயதுக்காரருக்கு 8,000 என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் இறந்தால் ஆணையர் உண்மைச் சம்பளத்தை விசாரித்து 15,59,850 என்று உத்தரவிடுவார். காப்பீட்டு நிறுவனம் நீங்கள் சொன்ன சம்பளத்தை வைத்து 8,31,920-க்கு மேல் தர மறுக்கும். மீதி 7,27,930 ரூபாய் உங்கள் கையிலிருந்து. நீங்கள் மிச்சம் பிடித்த பிரீமியம் எவ்வளவு? அந்த ஆலையில் விடுபட்ட ஒன்பது பேரையே எடுத்துக்கொள்வோம். தலைக்கு மாதம் 15,000 என்றால் ஆண்டுச் சம்பளம் 16,20,000. கணக்கு புரிவதற்காக ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் என்று வீதம் வைத்தால் 16,200, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 19,116 ரூபாய். உங்கள் தொழிலின் வீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். ஒரு மா நஞ்சையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும்? வேலைக்கு வந்த முதல் நாளே, முதல் மூட்டையைத் தொடும் முன், பெயர், அப்பா பெயர், வயது, ஆதார் நகல், என்ன வேலை, என்ன கூலி. வயதுக்குச் சான்று வாங்குங்கள். காரணி வயதைப் பொறுத்தது என்பதால் பிறகு அதில்தான் சண்டை வரும். மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு வாரம் எத்தனை மூட்டை, எவ்வளவு ரூபாய் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஓராண்டு சராசரியிலிருந்துதான் அவர்களுடைய மாதச் சம்பளம் கணக்கிடப்படுகிறது. வங்கிக் கணக்கில் சம்பளம் போட்டால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அறுவடைக் காலத்தில் ஆள் கூடும். அதற்காகப் பாலிசியை ஆண்டு நடுவில் திருத்தலாம், எண்டார்ஸ்மென்ட் என்பார்கள். ஒரு கடிதமும் கூடுதல் பிரீமியமும் போதும். வழக்கமாக ஆண்டு முடிவில் உண்மைச் சம்பளக் கணக்கைக் கொடுத்துப் பிரீமியத்தைச் சரிசெய்வதும் இந்தப் பாலிசியின் ஏற்பாடு. பாலிசி எடுத்த நாளோடு கதவைச் சாத்திவிடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 6: பாலிசியில் என்ன கேட்க வேண்டும்

பொதுத்துறையில் நான்கு நிறுவனங்கள்: நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா. தனியார் நிறுவனங்களும் பல உண்டு. இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். ஆனால் விலைக்கு முன் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவச் செலவு சேர்ந்திருக்கிறதா, எவ்வளவு வரை? அடிப்படைப் பாலிசியில் பல நேரங்களில் இது இருக்காது, அல்லது ஒரு சிறு தொகையோடு நிற்கும். சட்டத்தில் உங்கள் பொறுப்புக்கு வரம்பில்லை என்று பார்த்தோம். கூடுதல் பிரீமியம் கட்டி வாங்குங்கள்; டெல்டாவில் கையெலும்பு முறிவுக்கே தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறோம்.

ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சேர்ந்திருக்கிறார்களா? வட்டி சேர்ந்திருக்கிறதா? இழப்பீடு தாமதமானால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி விழும். தக்க காரணமில்லாத் தாமதம் என்றால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். காப்பீட்டு ஒப்பந்தத்தில் வட்டியை விலக்கி எழுத நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லியிருக்கிறது. அப்படி விலக்கப்பட்டிருந்தால் வட்டி உங்களுடையது. அபராதம் எப்படியும் உங்களுடையதுதான்.

உங்கள் வேலையின் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? 'அரிசி வியாபாரம்' என்று எழுதிய பாலிசியை வைத்துக்கொண்டு பாய்லர் விபத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. நெல் அவிப்பது, உமி எரிக்கும் பாய்லர், லாரியில் மூட்டை ஏற்றுவது, களத்தில் காயப்போடுவது என ஒவ்வொன்றும் வர வேண்டும். வேலை செய்யும் இடங்களின் முகவரியும் அப்படியே. கும்பகோணத்தில் கடையும் பாபநாசத்தில் கிடங்கும் வைத்திருப்பவர் இரண்டையும் எழுத வேண்டும்.

தொழில் நோய்கள் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். தூசியால் வரும் நுரையீரல் நோய்கள் சில சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. பாலிசியில் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கலாம்.

படி 7: மேஸ்திரியின் ஆட்கள்

"அவர்களுக்குக் கூலி கொடுப்பது மேஸ்திரி. எனக்கென்ன?" டெல்டாவில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. சட்டம் இதற்குத் தெளிவாக விடை சொல்கிறது. உங்கள் தொழிலின் வழக்கமான வேலையை, உங்கள் இடத்தில், ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்தால், அந்த ஆளுக்கு விபத்து நேரும்போது உங்களிடமே இழப்பீடு கேட்கலாம். பிறகு அந்தத் தொகையை நீங்கள் ஒப்பந்தக்காரரிடம் திரும்பக் கேட்கலாம். மேஸ்திரியிடம் 15 லட்சம் இருக்குமா என்று நீங்களே யோசியுங்கள்.

ஆகவே ஒன்று, மேஸ்திரி தன் பெயரில் பாலிசி எடுத்து நகலை உங்களிடம் தர வேண்டும். தேதி முடிகிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். அல்லது, உங்கள் பாலிசியிலேயே அவர்களைச் சேர்க்க வேண்டும். இரண்டாவதுதான் நம் ஊருக்கு ஒத்துவரும் என்பது என் அனுபவம்.

'விபத்து நடந்தால் நிறுவனம் பொறுப்பல்ல' என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது வீண். உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் சட்டப்படி செல்லாது.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

லாரி ஓட்டுநருக்கும், சரக்கு வண்டியில் வேலை நிமித்தம் செல்லும் ஆட்களுக்கும் மோட்டார் பாலிசியிலேயே இந்தச் சட்டப் பொறுப்பு ஓரளவு அடங்கும். சாலை விபத்தில் குடும்பத்தார் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழோ இழப்பீட்டுச் சட்டத்தின் கீழோ ஏதாவது ஒன்றில்தான் கேட்க முடியும், இரண்டிலும் முடியாது. டிராக்டர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை. மட்கார்டில் உட்கார்ந்து போகும் ஆள் விழுந்தால் மோட்டார் காப்பீடு மறுக்கப்படுவதற்கே வாய்ப்பு அதிகம். ஆளை ஏற்றாதீர்கள், பிரீமியம் எவ்வளவு கட்டினாலும் ஏற்றாதீர்கள்.

படி 8: விபத்து நடந்துவிட்டால்

முதலில் ஆள். இயந்திரத்தை நிறுத்தி, அடிபட்டவரை அருகிலுள்ள நல்ல மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். துண்டான விரல் கிடைத்தால் சுத்தமான துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது. மருத்துவமனையில் 'வேலை செய்யும்போது விபத்து' என்றே சொல்லுங்கள். வழுக்கி விழுந்தார் என்று மாற்றிச் சொல்லி, பிறகு தன் வாக்குமூலமே தனக்கு எதிராக நின்றதைக் கண்ட முதலாளிகள் உண்டு.

அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தகவல். போனில் சொன்னது போதாது. இடத்தைப் புகைப்படம் எடுங்கள். அருகில் இருந்தவர்களின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டின் அந்த நாள் பக்கத்தையும் நகல் எடுங்கள்; அதில் பின்னால் எதையும் சேர்க்காதீர்கள். காப்பீட்டு நிறுவனம் விசாரிக்க அனுப்பும் சர்வேயர் வந்தால் முதலில் கேட்பது சம்பளப் பதிவேட்டைத்தான். மை மாறியிருப்பது அவர் கண்ணுக்கு உடனே தெரியும்.

உயிரிழப்போ கடுங்காயமோ என்றால் ஏழு நாளுக்குள் இழப்பீட்டு ஆணையருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். உயிரிழப்பில் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவை பின்னால் தேவைப்படும்.

அடுத்து, நல்ல மனம் உள்ளவர்களே தவறும் இடம். இறந்தவரின் வீட்டுக்கு ஊர்ப் பெரியவர்களோடு போய், ஐந்து லட்சத்தைக் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கி வருகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. உயிரிழப்புக்கான தொகையை ஆணையரிடம்தான் டெபாசிட் செய்ய வேண்டும். மனைவிக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று அவர்தான் பிரித்துக் கொடுப்பார். நேரில் முன்பணமாக மூன்று மாதச் சம்பளம் வரை கொடுக்கலாம். இந்த ஏற்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கையில் வந்த பணத்தை உறவினர்கள் பங்குபோட்டு, விதவையிடம் ஒன்றும் மிஞ்சாமல் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பகுதி ஊனத்தில் இருதரப்பும் தொகையை ஒப்புக்கொண்டால், அந்த ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு கணக்கு முடிந்தது என்று சொல்ல முடியாது.

இழப்பீடு விபத்து நடந்த அன்றே கடனாகிவிடுகிறது. ஒரு மாதம் தாண்டினால் வட்டி ஓடும். நிறுவனம் பதில் சொல்லட்டும் என்று காத்திருக்காமல், நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையையாவது ஆணையரிடம் கட்டிவிடுங்கள். அந்த அளவுக்கு வட்டியும் அபராதமும் குறையும். தொழிலாளி கோரிக்கை வைக்க 1923 சட்டம் இரண்டு ஆண்டு தருகிறது. தக்க காரணம் காட்டினால் அதற்குப் பிறகும் ஏற்கலாம்.

ஆணையரின் உத்தரவை எதிர்த்து 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், அதுவும் முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டும். முதலாளி மேல்முறையீடு செய்வதானால் முழுத் தொகையையும் முதலில் கட்டியிருக்க வேண்டும். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்கள் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம் சென்னைக்கும் போக வேண்டும்.

மற்ற காப்பீடுகள் இதற்கு ஈடாகுமா?

ஆகாது. பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் இரண்டு லட்சம் கிடைக்கும். ஒவ்வொரு தொழிலாளியையும் சேர்த்துவிடுங்கள், நல்ல காரியம். குழு விபத்துக் காப்பீடும் நல்லதுதான். ஆனால் இவையெல்லாம் தொழிலாளிக்கு நேராகக் கிடைப்பவை. உங்கள் சட்டப் பொறுப்பிலிருந்து ஒரு ரூபாயையும் கழிக்காதவை. முதல்வரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை அவரிடம் இருக்கிறது என்பதும் அப்படியே.

படி 9: தொழிலாளிக்குச் சொல்லுங்கள்

2017-ஆம் ஆண்டுத் திருத்தம், வேலையில் சேரும்போதே இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. தவறினால் 50,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம் என்றும் வைத்தது. இன்று நம் ஆலைகளில் மூட்டை தூக்குகிறவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். தமிழில் ஒட்டிய அறிவிப்பு அவர்களுக்குச் சுவர்தான். இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு பக்கம் அடித்து, எடை மேடைக்கு மேலே ஒட்டுங்கள். எழுத்து தெரியாதவருக்குத் தெரிந்த ஒருவரை விட்டுப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நீடாமங்கலத்து ஆலையில் இப்போது பதிவேட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. அந்தப் பையன் மருத்துவமனையில் மயக்கத்தில் கிடந்த இரவு, அவனுடைய அம்மாவுக்கு யார் சொல்வது, எந்த எண்ணில் சொல்வது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் மாலைதான் அவனே சொன்னான். இப்போது பெயர், வயது, கூலிக்கு அடுத்த கட்டத்தில், புதிதாக வருகிறவரின் வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர்களுடைய ஊர், போன் எண் ஆகியவற்றை எழுதுகிறோம். எழுதியதும் அந்த எண்ணுக்கு முதலாளியே ஒரு முறை பேசி, "உங்கள் பிள்ளை எங்களிடம் வேலைக்கு வந்திருக்கிறான்" என்று சொல்லிவிடுகிறார்.